பவுல்வார்டுக்குள் குடியிருக்கலாமா, நடந்து பார்த்தால் போதுமா?

தட்டோடு:
புதுச்சேரி பழைய ஊருக்குள், அதாவது ஊரைச் சுற்றியுள்ள நான்கு பவுல்வார்டு என்னும் அகலச் சாலைகளுக்கு உட்பட்ட பகுதியில், முற்றம் வைத்த வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று இங்கே கேள்வி ஓய்வதில்லை. என் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே அண்ணா சாலை வரை உள்ள தமிழர் பகுதி நடந்து பார்க்க வேண்டிய இடம். குடியேற வேண்டிய இடம் இல்லை.

வீடு தேடுகிறவர் திண்ணையையும் தாழ்வாரத்து மரத்தூணையும் பார்த்து மயங்குகிறார். தலைக்கு மேலே பார்ப்பதில்லை. கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். மர உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், ஓரங்குலக் கனமுள்ள சின்னச் செங்கலைச் சுண்ணாம்பில் குத்தலாக மூலைவாட்டில் அடுக்கிய வரிசை, மேலே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. ஒழுகும்போதெல்லாம் பழையதைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இன்னோர் அடுக்கு போடுவது இங்கே வழக்கம். நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலம் கூடினால் ஏறக்குறைய 400 கிலோ பாரம். மூன்று தலைமுறை ஒட்டுப்போட்ட மாடியில் உத்திரம் எதைச் சுமக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாததற்கு நட்டநடு உத்திரத்தில் 1000 லிட்டர் தொட்டி, அது ஒரு டன். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடமே சரிந்ததை மறந்துவிட்டோமா?

திண்ணைவாசி:
ஐயா, மேரியை இதில் இழுக்காதீர்கள். அது பல வருஷம் பராமரிப்பில்லாமல் கிடந்த கட்டடம். அப்படிப் போட்டால் கான்கிரீட் வீடும் கம்பி துருப்பிடித்து உதிரும், அதுவும் கடல் காற்றில் சீக்கிரமாகவே.

மெட்ராஸ் டெரஸ் கெடுவது பெரும்பாலும் உத்திரத்தின் முனையில்தான். சுவருக்குள் நுழைந்து மறையும் அந்த முக்கால் அடிக்குக் காற்று போகாது. சுவர் நனைந்தால் முனை ஊறும், ஊறிய இடத்தைக் கரையான் தேடி வரும். வீடு பார்க்கப் போகிறவர்கள் நடு உத்திரத்தை அண்ணாந்து பார்த்து "தேக்கு, இரும்பு மாதிரி இருக்கு" என்று திரும்பிவிடுகிறார்கள். நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஏணி கேளுங்கள். சுவரை ஒட்டி ஒரு சாணுக்குள், உத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த அறை வேண்டாம். கல் மாதிரி நின்றால் பயமில்லை. மழை இறங்கும் தூம்பு இருக்கும் சுவரை முதலில் பாருங்கள், முனை அழுகுவது அநேகமாக அங்கேதான் தொடங்கும்.

தொட்டியை இரண்டு சுவர் சேரும் மூலையில் தூக்கி வைத்தால் தீர்ந்தது. அதற்காக ஊரையே விட்டு ஓடச் சொல்வீர்களா?

தட்டோடு:
தம்பி, ஏணி கேட்டால் வீட்டுக்காரர் அடுத்த ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார். அதை விடுங்கள். பழுது தெரிந்தால் யார் செய்வது? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் மாடியைக் கொத்தி எடுப்பாரா? முறையான வேலை என்றால் பொதுப்பணித்துறைக் கணக்கில் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் கிடையாது. நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்க வைக்க வேண்டும், கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். கட்டை பட்டுத் துள்ளும் வரை தட்டணும் என்பார்கள். அதற்கு ஆள் எங்கே? வீட்டுக்காரர் இரண்டு மூட்டை சிமெண்டைக் கரைத்து ஊற்றிவிட்டு "முடிஞ்சுது சார்" என்பார். வெயிலில் சுண்ணாம்பு ஒருவிதமாக விரியும், சிமெண்ட் வேறுவிதமாக விரியும். முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல், ஐப்பசியில் பழையபடி ஒழுகல்.

பொதுச்சுவர்:
கூரைச் சண்டையில் சுவரை இருவருமே விட்டுவிட்டீர்கள். இந்தத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. உங்கள் வீட்டை எவ்வளவு சரிசெய்தாலும் பக்கத்து வீட்டுக் குளியலறை அதே சுவரில் இருந்தால் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், நிற்காது. ஆகவே வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டையும் ஒரு கண் பாருங்கள். பூட்டிக் கிடக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று. அரசைப் பிடுங்கக் கூடாது, வேரோடு செங்கல் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டி, வேரைச் சாகடித்து, பிறகு சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

"சுவரில் உப்பு பூக்கிறது, பழைய வீடு அப்படித்தான்" என்பதும் தப்பு. இந்தச் சுவர்களுக்கு அடியில் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரை ஈரம் மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் முழங்கால் உயரத்துக்குள்ளேயே காற்றில் ஆறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் வெளியேற வழியின்றி ஈரம் இன்னும் மேலே போகும், தலை உயரத்தில் பெயிண்ட் பொரிந்து உதிரும். கீழே பொரிகிறது என்று ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்களே, அவர்கள் ஈரத்தைப் படுக்கையறை சுவிட்ச் போர்டு வரை ஏற்றிவிடுகிறார்கள்.

மாற்றுவதானால் ஈரக்கோட்டுக்கு மேலும் ஓரடி வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். சில வாரம் சும்மா காய விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி எடுக்க வேண்டும், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு சுண்ணாம்பு ஒன்று, மணல் இரண்டரை, இரண்டு கை பூச்சு. மேலே வெள்ளையடிப்பு, எமல்ஷன் வேண்டாம். குழைக்கக் குழாய்த் தண்ணீர்தான், கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் உப்பை நீங்களே பூசுகிறீர்கள். தை, மாசியில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு இறுகுவதற்குள் காய்ந்து மாவாகிவிடும்.

திண்ணைவாசி:
பாருங்கள், ஐயா! வீட்டைக் கெடுத்தது வயசு இல்லை, சிமெண்ட். முந்நூறு வருஷம் நின்ற வீடுகள் இவை.

தட்டோடு:
முந்நூறா? 1761ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்தார்கள். அதைத் தாண்டி நிற்பதாகச் சொல்லக்கூடியது ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போல மிகச் சில. மற்றவை அதற்குப் பிறகு எழுந்தவை. தரகர்கள் சொல்லும் வயசை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

கடலூர்_முதுநகர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயில்தான் நடு, மாட வீதிகள் அதைச் சுற்றி. தேர் போகும் பாதையைப் பிடித்தாலே ஊர் புரிந்துவிடும். அப்பர் கல்லில் மிதந்து கரையேறியதாகச் சொல்லும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். பாண்டிக்கு வந்தால் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் எல்லாம் இருக்கிறது, ஆனால் எது நடு என்று பிடிபடவில்லை. ஒரு நாளில் எப்படிப் பார்ப்பது?

மிஷன்வீதி_மேற்கு:
நடு என்று ஒன்று இல்லை, அதனால்தான் பிடிபடவில்லை. இங்கே கட்டம் போட்ட தெருக்கள்தான் ஊரின் எலும்பு. கோயில்கள் அந்தக் கட்டங்களுக்குள் அமர்ந்திருக்கின்றன. ஆகவே தெருப்பெயரைப் படித்துக்கொண்டே நடங்கள்: வைசியாள், கோமுட்டி, செட்டி, வெள்ளாளர், குசக்கடை, தெற்கே காஜி, முல்லா. யார் எங்கே இருந்தார்கள் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

காலை ஆறு மணிக்கு வடக்கே தொடங்குங்கள். வைசியாள் வீதியில் தாழ்வாரம் வரிசையாக மீட்டெடுத்த வீடுகளைப் பார்க்கலாம். ஈஸ்வரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் இல்லம் இருக்கிறது. அவர் இந்த ஊரில் இருந்தது 1908 முதல் 1918 வரை. வீட்டைத் திறக்கப் பத்து மணியாவது ஆகும், உள்ளே பார்க்க வேண்டுமென்றால் திரும்பி வர வேண்டியதுதான். அதே வீதியில் வேதபுரீசுவரர். இப்போதுள்ள கோயில் பிற்காலத்தது. பழைய கோயில் சம்பா கோயில் எனப்படும் மாதா கோயிலை ஒட்டி இருந்து, 1748ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டது, அந்த நாட்களை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து மிஷன் வீதியைப் பிடித்துத் தெற்கே இறங்கினால் காளத்தீசுவரர், பிறகு 1791ல் கட்டி முடிந்த சம்பா கோயில். புனித பவுலைக் குறிக்கும் சாம் போல் என்ற பிரெஞ்சு உச்சரிப்புதான் சம்பா ஆனது, சம்பா நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்னும் தெற்கே பள்ளிவாசல் தெருக்கள், கடைசியில் சுப்பையா சாலையில் 1907ல் எழுந்த இருதய ஆண்டவர் பசிலிக்கா. நின்று நின்று பார்த்தால் இரண்டரை மணி நேரம்.

தப்பு நடப்பது நேரத்தில்தான். பத்து மணிக்கு ஓட்டலைவிட்டுக் கிளம்பினால் பன்னிரண்டு மணிவாக்கில் கோயில் நடை சாத்தியிருப்பார்கள், திறக்க மாலை நாலாகும். வெள்ளி மதியம் பள்ளிவாசல் பக்கம் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை, உள்ளே படம் எடுக்காதீர்கள். அன்றைக்குக் காந்தி வீதி முழுக்கத் தரைக்கடை, ஆட்டோ நுழையாது.

தட்டோடு:
மணக்குள விநாயகரை விட்டுவிட்டீர்களே?

மிஷன்வீதி_மேற்கு:
வேண்டுமென்றேதான். அது வாய்க்காலுக்குக் கிழக்கே. பாண்டிக்கு வருகிறவர்கள் எப்படியும் அங்கே போவார்கள், வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருகிறவர்கள்தான் குறைவு.

தட்டோடு:
சரி. நீங்களே ஞாயிறு காந்தி வீதியைச் சொன்னீர்கள். குடியிருப்பவருக்கு அது வாரந்தோறும். காரை எங்கே நிறுத்துவது? மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிக்கு அடைத்தால் அந்த நெரிசல் பக்கத்துத் தெருக்களுக்கு வருகிறது. மாசி மகத்துக்கு மயிலம், திண்டிவனம் வரையிலிருந்து சாமிகள் வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்கக் கண்கோடி வேண்டும், ஆனால் அன்று வடக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளையை வண்டியில் கூட்டிப் போக முடியாது. மார்கழியில் விடியுமுன் குழாய் ஸ்பீக்கர். இரவு பத்து முதல் காலை ஆறு வரை வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, தெரு சொல்வது வேறு.

திண்ணைவாசி:
கார் வைத்திருப்பவருக்கு இந்த ஊர் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். இரு சக்கர வண்டி இருந்தால் போதும். காய், மீன், பூ எல்லாம் பெரிய மார்க்கெட்டில், நடந்து போகும் தூரம். சத்தத்துக்குப் பயந்தால் தெருப்பக்க அறையில் படுக்காதீர்கள். ரேழி, முற்றம் தாண்டிப் பின்கட்டில் படுத்தால் பாதிச் சத்தம் குறையும். வீட்டை நீளவாக்கில் கட்டியதே அதற்குத்தானே.

பொதுச்சுவர்:
முற்றத்தை மூடாத வீடாக இருந்தால்தான் அந்தப் பின்கட்டு குளிரும். இப்போது விடுதியாக மாற்றிய வீடுகளில் முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு இறுக்கிவிடுகிறார்கள். சூடும் ஈரமும் உள்ளேயே சுழலும், ஒரே மழைக்காலத்தில் உத்திரத்தில் பூஞ்சணம். மூடியே ஆகவேண்டுமென்றால் ஓட்டு விளிம்புக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து விட வேண்டும்.

தட்டோடு:
அப்படித் திறந்திருக்கும் வீடு வாடகைக்கு வந்தால் சொல்லுங்கள், தம்பி. என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

திண்ணைவாசி:
கார்த்திகை மழை விட்டு ஒரு வாரத்தில் பார்க்க வாங்க, ஐயா. மாசியில் வெள்ளையடித்துக் காட்டுவார்கள், எதுவும் தெரியாது. ஏணியை நான் எடுத்து வருகிறேன்.