ஹேண்ட்புக்கில் ஆர்பிட்ரேஷன் பிரிவு: உங்களுக்கு என்ன நடந்தது?

டெக்சாஸில் நாலு வருடம் வேலை பார்த்த இடத்தில் ஓவர்டைம் பணம் பாக்கி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலையை விட்ட பிறகு வழக்குப் போட்டேன். கம்பெனி சம்பளக் கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஹேண்ட்புக்கில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கிறது, இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கோர்ட்டுக்கு வர முடியாது" என்று மனு போட்டது. ஹேண்ட்புக் என்பது கம்பெனியின் விதிமுறைப் புத்தகம்; ஆர்பிட்ரேஷன் என்றால் தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் ஆர்பிட்ரேட்டர் என்ற தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது. வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய தாள்களில் அதுவும் ஒன்றாம். எனக்கு நினைவே இல்லை. அன்றிரவு தூங்கவில்லை.

வக்கீல் ஹேண்ட்புக் முழுவதையும் கேட்டு வாங்கினார். ஆர்பிட்ரேஷன் பக்கத்தைச் சீக்கிரமே புரட்டிவிட்டார். அவர் விரல் நின்றது கடைசித் தாளில்: இதில் உள்ள எதையும் நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றலாம். "இது போதும்" என்றார். என்னைக் கட்டிப்போட்டுவிட்டு, கம்பெனி மட்டும் நினைத்தபோது, நடந்து முடிந்த விஷயத்துக்கும் சேர்த்து விதியை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது வாக்கே இல்லை. 2012இல் 24 ஹவர் ஃபிட்னஸ் என்ற ஜிம் கம்பெனியின் வழக்கில், டெக்சாஸும் உட்பட்ட ஐந்தாவது சர்க்யூட் கூட்டாட்சி அப்பீல் கோர்ட் சொன்னதும் இதுதான். கம்பெனியின் மனு தள்ளுபடி ஆனது. அப்புறம்தான் பணப் பேச்சே தொடங்கியது.

பதில்:
எனக்கு நேர்மாறு. நானும் டெக்சாஸ்தான். எங்கள் கம்பெனியின் ஆர்பிட்ரேஷன் பிரிவில் இரண்டு வரி கூடுதல்: மாற்றம் செய்தால் 10 நாள் நோட்டீஸ் தரப்படும், ஏற்கெனவே தெரிந்த தகராறுக்கு அந்த மாற்றம் பொருந்தாது. 2002இல் ஹாலிபர்ட்டன் என்ற எண்ணெய்த் துறைக் கம்பெனியின் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அதே ஏற்பாடு. நான் கையெழுத்தே போடவில்லை. நோட்டீஸ் கிடைத்த பிறகும் வேலைக்குப் போனதே சம்மதம் என்று ஆகிவிட்டது. ஆர்பிட்ரேட்டர் முன் தோற்றேன். அதன் பிறகு அப்பீலுக்கும் வழி மிகக் குறைவு. இன்னும் மனசு ஆறவில்லை.

பதில்:
பாலியல் தொல்லைப் புகார் உள்ளவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். 2022 மார்ச்சில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, அதற்குப் பின் எழுந்த அப்படிப்பட்ட வழக்குகளில் ஆர்பிட்ரேஷனா கோர்ட்டா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யலாம், முன்பு எதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. என் தங்கை கோர்ட்டையே தேர்ந்தெடுத்தாள். ஒன்று மட்டும்: வேலையில் இருக்கும்போதே ஹேண்ட்புக்கை நகல் எடுத்து வையுங்கள். கம்பெனி அவள் ஆபீஸ் லாகினை முடக்கிய பிறகு, அதை வாங்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.