நிலக்கரி அடுப்பின் கிரேட் அசைய மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டைச் சூடாக்க நிலக்கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மூன்று நாளாக எங்கள் அடுப்பின் கிரேட் (கரியைத் தாங்கும், ஆட்டினால் சாம்பலைக் கீழே உதிர்க்கும் பல்வைத்த இரும்புச் சட்டங்கள்) சிக்கிக்கொண்டு நிற்கிறது. சாம்பல் உதிர்க்கும் கைப்பிடியை ஆட்டினால் விரற்கடை அளவு நகர்ந்து, 'டொக்' என்று முட்டி நின்றுவிடுகிறது. சாம்பல் இறங்காததால் கீழிருந்து காற்று ஏறவில்லை. நடுவில் மட்டும் மங்கலாகக் கனல்கிறது, ஓரமெல்லாம் கறுப்பு.

நேற்று அணையவிட்டு, நன்றாக ஆறிய பிறகு கரியை அள்ளிவிட்டுப் பார்த்தேன். கிரேட்டின் இரண்டு பற்களுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில், கண்ணாடி போல மினுங்கும் ஒரு கட்டி. அதிகச் சூட்டில் சாம்பலே உருகி இறுகியது. கம்பியால் கீழிருந்து குத்தி எடுத்தேன். அப்படியும் இடது பக்கச் சட்டம் அசையவில்லை. சுத்தியலால் தட்டப் பயம். வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் போச்சு.

தப்பு என் பக்கமும் உண்டு. இரண்டு தடவை சாம்பல் தட்டை நிரம்பவிட்டுவிட்டேன். சாம்பல் கிரேட்டைத் தொடும்வரை குவிந்தால் காற்றோட்டம் இல்லாமல் இரும்பு சூடேறி வளையும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சட்டம் வளைந்திருக்கிறதா, அல்லது அது சுழலும் முனையில் சாம்பல் அடைத்திருக்கிறதா என்று கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா? வளைந்ததை நிமிர்த்திய அனுபவம் யாருக்காவது உண்டா, இல்லை புதிதுதான் போடவேண்டுமா? சரி, இன்னொன்று: தினமும் எத்தனை தடவை ஆட்டுகிறீர்கள்? தணல் துண்டுகள் விழத் தொடங்கியதும் நான் நிறுத்திவிடுவேன். அது போதுமா?

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறது, வேலையும் செய்கிறது. கிரேட் சரியாகும்வரை அடுப்பைப் பற்றவைக்கப் போவதில்லை.