பரண்ல பழைய மெக்கானிக்ஸ் செட் கிடைச்சிருக்கு, ஆறு வயசு பையனுக்கு குடுக்கலாமா?

பீளமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா வீட்டுல வெள்ளையடிக்கறதுக்காக பரணை காலி பண்ணினப்போ ஒரு பிஸ்கட் டின்ல என்னோட மெக்கானிக்ஸ் செட் கிடைச்சுது. 90கள்ல வளந்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கும், பாம்பேல செஞ்சு வந்தது, வரிசையா ஓட்டை போட்ட கலர் தகரப் பட்டி, தட்டு, எல் மாதிரி வளைஞ்ச துண்டு, சக்கரம், நட்டு போல்ட்டு, தட்டையா ஒரு ஸ்பேனர். அட்டைப்பெட்டியும் படம் போட்ட புக்கும் போயிடுச்சு, கரையான் வேலையா இருக்கும்.

அப்பா மில்லுல ஃபிட்டர். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குளிச்சுட்டு என்கூட தரைல உக்காந்துடுவாரு. நட்டை விரலால முடுக்கு, கடைசி அரைச் சுத்துக்கு மட்டும் ஸ்பேனரை எடுன்னு சொல்லுவாரு, மத்தபடி அதிகமா பேசவே மாட்டாரு, நான் தப்பா மாட்டினா கூட நானே கண்டுபிடிக்கிற வரைக்கும் பாத்துட்டு சும்மா இருப்பாரு. இப்ப அவர் இல்ல.

விஷயத்துக்கு வரேன். பட்டி ஓரமெல்லாம் துரு, நட்டு பாதிக்கு மேல காணோம். பையனுக்கு ஆறு வயசு, லெகோ நிறைய இருக்கு, டேப்லெட்டும் இருக்கு. பொண்ணுக்கு ரெண்டு வயசு, எது கிடைச்சாலும் வாய்ல போடுற பருவம். துருவை எப்படி எடுக்குறது, நட்டு எங்க கிடைக்கும், முக்கியமா இந்த காலத்து பையன் இதை தொடுவானா? வீட்டம்மா சொல்றது, புது செட்டே ஆன்லைன்ல கிடைக்குது, இதை எடைக்கு போடுங்கன்னு.

கைலாசபுரத்தான்:
எடைக்கு மட்டும் போட்டுடாதீங்க தலைவா! நாங்க திருச்சி பெல் டவுன்ஷிப். எங்க தெருவுல ரெண்டே ரெண்டு வீட்டுலதான் செட் இருந்துச்சு, லீவு விட்டா மொத்த தெருப் பசங்களும் அந்த வீட்டுத் திண்ணைலதான், செட்டுக்கு சொந்தக்காரன் யாரை சேத்துக்குறானோ அவன்தான் அன்னிக்கு இன்ஜினியர், மத்தவன்லாம் கீழ விழுற நட்டை பொறுக்குற ஹெல்பர்.

எங்களுக்கு பிடிச்சது கிரேன். கைப்பிடிய சுத்தினா நூல் சுருண்டு கொக்கி மேல ஏறும், முதல்ல தீப்பெட்டி, அப்புறம் டிபன் பாக்ஸ் மூடி, அப்புறம் ஒருத்தன் பூட்டை மாட்டிட்டான், கிரேன் அப்படியே மூக்கு குப்புற விழுந்துச்சு. உடனே இன்னொருத்தன் வீட்டுக்குள்ள ஓடிப்போய் தராசுப் படிக்கல்லை எடுத்துட்டு வந்து பின்பக்கம் கட்டினான், நின்னுடுச்சு. பின்னாடி பாலிடெக்னிக்ல இதே விஷயத்தை போர்டுல படம் போட்டு நடத்தினப்போ எனக்கு அதுல புதுசா ஒண்ணுமே இல்ல.

ஒரு யோசனை. புக்கு இல்லாததே நல்லதுதான். முதல் நாள் நாலு பட்டிய சதுரமா மாட்டி பையன் கைல குடுங்க, ஒரு மூலைய அமுக்க சொல்லுங்க, சரிஞ்சு படுத்துடும். அப்புறம் குறுக்க ஒரு நீளப் பட்டிய மாட்டிட்டு மறுபடி அமுக்க சொல்லுங்க, அசையாது. அடுத்த தடவை கார்ல போறப்போ ஹை டென்ஷன் டவரை காட்டுங்க, எத்தனை குறுக்குக் கம்பின்னு அவனே எண்ணுவான்.

லேத்பட்டறை:
துரு கேள்விக்கு நான் பதில் சொல்றேன், தினம் இதுலதான் பொழப்பு.

முதல்ல எல்லாத்தையும் ரெண்டு குவியலா பிரிங்க, பெயிண்ட் அடிச்சது தனி, வெள்ளையா மினுங்குற பிளேட்டிங் போட்டது தனி. பெயிண்ட் பட்டிய வினிகர்லயோ புளித்தண்ணிலயோ ஊற வைக்காதீங்க, துரு பிடிச்ச ஓரம் வழியா உள்ள இறங்கி பெயிண்ட் உப்பி உரிஞ்சு வரும். துரு இருக்குற இடத்துல மட்டும் மண்ணெண்ணெய் தொட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, போகலன்னா நைஸ் எமரி பேப்பர், தூசிய நல்லா துடைச்சிடுங்க. பிளேட்டிங் போட்ட நட்டு போல்ட்டை வினிகர்ல போட்டா துருவோட சேத்து ஜிங்கையும் தின்னுடும், அதனால பிளேட்டிங் ஏற்கனவே போய் முழுசா சிவந்து போனதுக்கு மட்டும் வினிகர். எடுத்ததும் சோடா உப்பு கரைச்ச தண்ணில அலசி, வெயில்ல நல்லா காய வச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்கா எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி தூசி அப்பிக்கும்.

நட்டு விஷயத்துல கவனம். ஒரு போல்ட்டை கையோட எடுத்துட்டுப் போய் ஹார்டுவேர் கடைல மாட்டிப் பாத்து வாங்குங்க, கண்ணால பாத்து வாங்காதீங்க. இந்த ஜாதி செட்டுக்கெல்லாம் மூத்தது இங்கிலாந்து மெக்கானோ, அந்த பழைய செட்டோட போல்ட்டு 5/32 இன்ச் விட்வொர்த், அதாவது பழைய இங்கிலாந்து இன்ச் மரை, இன்ச்சுக்கு 32 மரை. இப்ப கடைல சாதாரணமா கிடைக்குறது எம்4, அதாவது 4 மில்லி விட்டம், மரைக்கு மரை 0.7 மில்லி. விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஒரு ரெண்டு சுத்து ஜோரா ஏறும், அப்புறம் இறுகும், அப்ப பலத்தைக் காட்டினா மரை போச்சு. உங்களோடது எந்த மரைங்கிறது மாட்டிப் பாத்தாதான் தெரியும். கடைக்காரர் டப்பாவோட எடுத்து வச்சு பொறுமையா பாக்க விடுவார்.

பழையபேப்பர்:
வீட்டம்மாகிட்ட சொல்ல ஒரு வரலாறு தரேன், எடைக்கு போற பொருள் இல்லன்னு அவங்களே சொல்லுவாங்க.

லிவர்பூல்ல பிராங்க் ஹார்ன்பின்னு ஒருத்தர், இறைச்சி இறக்குமதி பண்றவர் ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. தன் பசங்க விளையாட தகரத்தை வெட்டி அரை இன்ச்சுக்கு ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தாரு. 1901ல பேடன்ட். 1907ல மெக்கானோன்னு பேர் வச்சாரு. அந்த அரை இன்ச் கணக்கை விடாம வச்சிருந்ததாலதான் தாத்தா வாங்கின பட்டிய பேரன் பட்டியோட மாட்ட முடிஞ்சுது, இதைவிட பெரிய சாமர்த்தியம் அந்த பொம்மைல வேற எதுவும் இல்லன்னு நான் சொல்லுவேன். அமெரிக்கால இதே ஜாதிதான் எரெக்டர், 1913ல வந்துச்சு, அதைக் கொண்டு வந்த ஏ.சி. கில்பர்ட் 1908 ஒலிம்பிக்ஸ்ல போல் வால்ட்ல தங்கம் வாங்கினவர்னா நம்புவீங்களா.

விளையாட்டு சாமான்தானேன்னு நினைச்சா, 1934ல மான்செஸ்டர்ல டக்ளஸ் ஹார்ட்ரீங்கிற பேராசிரியர் ஒரு மாணவரை வச்சுக்கிட்டு மெக்கானோ துண்டுகள்ல டிஃபரன்ஷியல் சமன்பாடு போடுற மெஷினை கட்டி வேலை செய்ய வச்சாரு. அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில வில்லியம் சூவல்னு ஒரு மருத்துவ மாணவர் 1949 வாக்குல எரெக்டர் செட் துண்டுகளை வச்சு இதயத்துக்கு பதிலா ரத்தத்தை ஓட்டுற பம்ப் செஞ்சு நாயை வச்சு சோதனை பண்ணினாரு. அந்த பம்ப் இப்ப அமெரிக்கால ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. லிவர்பூல் ஃபேக்டரிய 1979ல மூடிட்டாங்க, அது தனி சோகக் கதை.

ரெண்டுபிள்ளைஅம்மா:
வரலாறெல்லாம் சரி, உங்க வீட்டம்மா பக்கம் நான் கொஞ்சம் பேசுறேன்.

எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னா, என் வீட்டுக்காரர் தன்னோட செட்டை பொண்ணுக்கு குடுத்தாரு. குடுத்தாரா, குடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அப்படி இல்லடா இப்படி, போல்ட்டு தலை வெளிப்பக்கம் தெரியணும், இந்த தட்டு அதுக்கு இல்ல, ஒரே நச்சு. அவ கொஞ்ச நேரத்துல எழுந்து கார்ட்டூன் பாக்க போயிட்டா. இவர் ராத்திரி வரைக்கும் தனியா உக்காந்து லாரிய கட்டி முடிச்சு ஷோகேஸ்ல வச்சு யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு!! குடுத்தது யாருக்குன்னே தெரியல. அப்புறம் ஒரு நாள் இவர் ஊர்ல இல்லாதப்போ அவளே லாரிய கழட்டி பொம்மைக்கு ஊஞ்சல் கட்டினா, ஓட்டை வழியா ரிப்பன் கோத்து, போல்ட்டு தலை எல்லாம் உள்பக்கம்தான் இருந்துச்சு, ஊஞ்சல் ஆடுச்சு. அதுக்கப்புறம்தான் அவளுக்கு அது மேல ஆசையே வந்துச்சு.

உங்க அப்பா பேசாம உக்காந்திருந்தாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைத்தான் நீங்க செய்யணும். அது கஷ்டம், இப்பவே சொல்லிட்டேன்.

சின்னது விஷயம் விளையாட்டு இல்ல. நட்டு தொண்டைல சிக்கும், பழைய பெயிண்ட் உதிர்ந்தா வாய்க்கு போகும், அதுல என்ன கலந்திருக்கோ. தரைல வேண்டவே வேண்டாம். டைனிங் டேபிள் மேல, பாப்பா தூங்குற நேரத்துல மட்டும். நட்டு போல்ட்டுக்கு ஒரு பழைய அஞ்சறைப்பெட்டி எடுத்துக்குங்க, ஒவ்வொரு கிண்ணத்துலயும் ஒவ்வொரு சைஸ், எத்தனை போட்டோம் எத்தனை திரும்ப வந்துச்சுன்னு ஒரு பார்வைல தெரியும்.

நல்லூர்_டொரோண்டோ:
எங்கட அப்பாட்டயும் ஒரு செட் இருந்தது, அசல் மெக்கானோ, சிவப்பும் பச்சையும், பெரியப்பா கொழும்பில வேலை செய்யேக்க வாங்கிக் குடுத்தது. நானும் அண்ணையும் அதிலதான் வளர்ந்தனாங்கள். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில வீட்டோட விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள், திரும்பிப் போகேக்க வீட்டில கதவு நிலை கூட இல்லை.

இஞ்ச வந்தாப்பிறகு ஒரு பழைய சாமான் சந்தையில அதே சிவப்பு பச்சையில ஒரு பெட்டி கண்டன், வாங்கிக் கொண்டு வந்து அப்பான்ர மடியில வச்சன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை, பேரனைக் கூப்பிட்டு ஒரு வேலை காட்டினவர்: ரெண்டு பட்டி சேருற இடம் அசையவேணும் எண்டால் ஒரு நட்டை இறுக்காமல் விட்டால் காணாது, ஆட ஆட அது கழண்டு விழும். ரெண்டு நட்டு போட்டு, முதலாவதைக் கொஞ்சம் தளர்த்தி வச்சு, ரெண்டாவதை அதுக்கு மேல ஒண்டோட ஒண்டு முட்ட இறுக்கவேணும். பட்டி ஆடும், நட்டு கழராது. எனக்கு சின்னனில அவர் இதைக் காட்டினதா ஞாபகமே இல்லை, பேரன்மாருக்குத்தான் எல்லாம் கிடைக்குது :)

எண்டபடியால் தம்பி, நட்டு வாங்கேக்க போல்ட்டு எண்ணிக்கையை விடக் கூடுதலா வாங்குங்கோ.

பீளமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நல்லூர் அக்காவோ அண்ணாவோ, அந்த ரெண்டு நட்டு விஷயம் எனக்கும் புதுசு.

மண்ணெண்ணெய்ல நல்லாவே வந்துடுச்சு, ரேஷன்ல இப்ப கிடைக்குறதில்ல, பக்கத்து லேத்துல கொஞ்சம் கெஞ்சி வாங்கினேன். நட்டும் மாட்டிப் பாத்து வாங்கியாச்சு. பையன் முதல் நாள் சதுரத்தை அமுக்கி அமுக்கி சிரிச்சான், குறுக்குப் பட்டிய நான் மாட்டுறதுக்கு முன்னாடியே லெகோ துண்டை நடுவுல திணிச்சு நிறுத்தப் பாத்தான், அதுவும் ஒரு மாதிரி நின்னுச்சு. இப்ப ஏதோ கட்டிட்டு இருக்கான், பஸ்ஸாம், சக்கரம் மேல இருக்கு. நான் வாயைத் திறக்கல. ரெண்டுபிள்ளைஅம்மா சொன்னது சரி, ரொம்ப கஷ்டமா இருக்கு.

இன்னொரு டவுட். அச்சு ராடு ஒண்ணுதான் மிச்சம், கிரேன் கட்ட பத்தாது. சைக்கிள் ஸ்போக்கை வெட்டிப் போடலாமா?

லேத்பட்டறை:
சாதாரண ஸ்போக் 2 மில்லிதான், சக்கரத்துல ஆடும், நூல் இழுத்தா வளைஞ்சுடும். மிச்சம் இருக்குற ராடை எடுத்துக்கிட்டு வெல்டிங் சாமான் விக்குற கடைக்கு போங்க, டிக் வெல்டிங் ஃபில்லர் ராடுன்னு கேளுங்க, நேரா நீளமா வரும், 1.6, 2.4, 3.2ன்னு சைஸ் இருக்கு. சக்கரத்தையும் கொண்டு போய் மாட்டிப் பாருங்க. அதுல எதுவும் பொருந்தலன்னா 4 மில்லி பிரைட் ராடு. ஹேக்ஸா பிளேடால வெட்டிக்கலாம், கைப்பிடிக்கு வைஸ்ல பிடிச்சு ரெண்டு இடத்துல வளைச்சா போதும். வெட்டின முனைல பிசிர் நிக்கும், கைய கிழிச்சுடும், அரம் போட்டு உருட்டி எடுத்துட்டு அப்புறம் பையன்கிட்ட குடுங்க.