பரோடிட் ஆபரேஷனில் காதின் உணர்ச்சி நரம்பைக் காப்பாற்ற முடியுமா?

அம்மாவுக்கு இடது காதுக்குக் கீழே, பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் பிளியோமார்ஃபிக் அடினோமா என்று வந்தது, அதாவது புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பின்னாளில் மாற வாய்ப்பு உண்டு என்பதால் எடுத்தே ஆக வேண்டும். முகத்தை அசைக்கிற நரம்பைப் பற்றி டாக்டர் விளக்கமாகச் சொன்னார், சரி. நான் கேட்பது இன்னொரு நரம்பு, கிரேட் ஆரிகுலர். கழுத்திலிருந்து ஏறி வந்து காது மடலின் கீழ்ப்பகுதிக்கும் தாடை மூலைத் தோலுக்கும் உணர்ச்சி தருவது அதுதான்; சுரப்பிக்குப் போகிற வழியிலேயே கிடப்பதால் பல நேரம் வெட்டுப்படுகிறதாம். பின்கிளையை மட்டுமாவது பிரித்து ஒதுக்கிவிட்டுச் செய்யலாம், கட்டி அதோடு ஒட்டியிருந்தால் முடியாது என்று படித்தேன். உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம்தான், ஆனாலும் தோடு போடுகிற இடமே மரத்துப்போனால் அம்மாவுக்குப் பெரிய தொந்தரவு.

இங்கே யாருக்காவது அந்தக் கிளையை விட்டுவைத்துச் செய்தார்களா? மரப்பு எத்தனை மாதத்தில் குறைந்தது, முழுசாகப் போனதா? அப்புறம், இதை டாக்டரிடம் எப்படிக் கேட்டீர்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையே? ஈ.என்.டி. டாக்டர்கள் யாராவது இருந்தாலும் கொஞ்சம் சொல்லுங்கள், அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும்.