மறு: மறு: பின்பக்க ‘ஆன்டி ரோல் பார்’ – கலைச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

கோவைக்குறிப்பு, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் ஓர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்க ஆன்டி ரோல் பாரைக் கழற்றி, அதைவிடத் தடித்த ஒன்றைப் பூட்டுவது பற்றியது. அந்தப் பெயர் இயலில் 41 இடங்களில் வருகிறது. இப்போதைக்கு ‘உருள் எதிர்ப்புத் தண்டு’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பொருளைப் பார்க்காதவர்களுக்காக: ஸ்பிரிங் எஃகில் செய்த உருண்டைக் கம்பி. நடுப்பகுதி காரின் குறுக்கே கிடக்கும், இரண்டு டி-புஷ்கள் (ஆங்கில டி வடிவில் மெத்தென்ற பிடிப்புகள்) அதைப் பாடியோடு பிடித்திருக்கும். இரு நுனியும் மடங்கிப் போய், ஆளுக்கொரு லிங்க் (குட்டை இணைப்புக் கம்பி) வழியாக இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் ஆர்மைத் தொடும். சக்கரம் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் கார் ஒருபக்கமாகச் சாய்வது அதனால் குறைகிறது.

வேர்ச்சொல், திங்கள் இரவு

> உருள் எதிர்ப்புத் தண்டு

வேண்டாம் ஐயா. உருளுவது சக்கரம். ‘உருள்பெருந் தேர்’ என்பது குறள் (667). வளைவில் கார் உருளவில்லை, உருண்டால் ஆம்புலன்ஸ் வேண்டும். போதாததற்கு டயர் தரையில் ஓடும்போது உண்டாகும் தடைக்கு இயற்பியலில் ‘உருளல் தடை’ இருக்கிறது. மாணவன் இரண்டையும் ஒன்றென்று எழுதிவைப்பான்.

தமிழில் இந்தக் கருத்துக்குப் பழைய வினை ‘கோடுதல்’. கோடு, கோணம், கோணல், கோட்டம் எல்லாம் ஒரே குடும்பம், நேர்நிலையிலிருந்து விலகுவதைச் சொல்பவை. இனி 118ஆம் குறளைப் பாருங்கள்: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’. கோல் இருக்கிறது, ஒருபால் கோடாமை இருக்கிறது, சமன் இருக்கிறது. நமக்கு வேண்டிய கருவியை ஒன்றே முக்கால் அடிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பரிந்துரை: சமன்கோல். அல்லது கோடாக்கோல்.

எளியநடை, செவ்வாய் காலை

கோடாக்கோல் என்றால் செங்கோல் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதோடு இந்தக் கம்பி இரண்டு பக்கமும் மடங்கியிருக்கிறது. நேராக இருப்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். அப்படிப் பார்த்தால் இதற்கு நேர்ப்பெயர் கொடுங்கோல்தான், பாடநூலில் போட அனுமதி கிடைக்குமா தெரியாது.

பட்டறைவாசி, செவ்வாய் மதியம்

உதிரிப்பாகக் கடையில் கேட்டால் ஸ்டெபிலைசர் பார். லிங்க் தேய்ந்தால் ‘ஸ்டெபிலைசர் லிங்க் அடிக்குது’. மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே?

வேர்ச்சொல், செவ்வாய் மதியம்

ஸ்டெபிலைசர் என்றால் பாதி வீடுகளில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி. தமிழில் ‘நிலைப்படுத்தி’ என்றாலும் அதே பெட்டிதான். சமன்கோலில் என்ன குறை என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

பட்டறைவாசி, செவ்வாய் இரவு

குறையைச் சொல்கிறேன். அது செய்கிற வேலைக்கு நேர் எதிரான பெயர்.

கணக்கு: கார் 1000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர், இடது வலது சக்கர இடைவெளி 1.45 மீட்டர், வளைவில் பக்கவாட்டு முடுக்கம் 0.6 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு). 1000 × 0.6 × 0.55 ÷ 1.45 = ஏறக்குறைய 228 கிலோ. இவ்வளவு சுமை உள்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் இந்தக் கூட்டுத்தொகை அசையாது. கம்பி முடிவு செய்வது ஒன்றைத்தான்: 228இல் முன்அச்சின் பங்கு எவ்வளவு, பின்அச்சின் பங்கு எவ்வளவு.

பின்கம்பி தடித்தால் பின்அச்சின் பங்கு கூடும். அதாவது பின்பக்க உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் இடையே சுமை வேறுபாடு கூடுகிறது. சமன் அல்ல, சமனின்மை. டயரின் பிடிப்பு சுமைக்கு நேர்விகிதத்தில் ஏறாது. ஒரு டயரில் சுமையைக் குவித்து மற்றதில் குறைத்தால் அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். பின்பக்கம் கொஞ்சம் இழக்க, முன்பக்கம் கொஞ்சம் பெறும். முன்சக்கர இழுவைக் கார் வளைவில் மூக்கை வெளியே விடுவது இதனால்தான் குறைகிறது. அளவு மீறினால் வால் வீசும், அதுவும் ஈரச் சாலையில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால்.

வேர்ச்சொல் ஐயா கோபிக்க வேண்டாம், சமன்கோலுக்கு உரிய பொருள் வேறொன்று இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் 1967இல் ஊசல் அச்சு (சக்கரத்தோடு சேர்ந்து ஊசல் போல மேலும் கீழும் ஆடும் அரை அச்சு) கொண்ட பீட்டில் காரின் பின்பக்கம் ஆங்கில இசட் எழுத்து வடிவில் ஒரு கம்பி வைத்தது. ஒரு நுனி முன்னோக்கி, மறுநுனி பின்னோக்கி. அது சாய்வை எதிர்க்காது, இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் மட்டும் எதிர்க்கும். சமன்கோல் அதற்கு அச்சாகப் பொருந்தும்.

யாழ்ச்சில்லு, புதன் காலை

பட்டறைவாசி அண்ணை சொன்னதுக்கு இன்னொரு சான்று. 1960இல் வந்த செவர்லே கார்வேர்: எஞ்சின் பின்னால், ஊசல் அச்சு. முன்பக்கக் கம்பி இல்லாமலே விற்றார்கள், ரயர் காற்றழுத்தத்தால் ஈடுகட்டச் சொன்னார்கள், முன்னுக்கு 15 பிஎஸ்ஐ, பின்னுக்கு 26. 1964இல் முன்னுக்கு இந்தக் கம்பியும் பின்னுக்குக் குறுக்குப் பட்டை வில்லும் வந்தன. 1965இல் ஊசல் அச்சையே விட்டுவிட்டார்கள். பின்பக்க நோய்க்கு முன்பக்கத்தில் மருந்து. பெயர் வைக்கும்போது அதுவும் நினைவில் இருக்கட்டும்.

சொல் என்று கேட்டால் ‘சரிவுத்தடை’. கார் திரும்பும்போது சரியுது என்றுதான் சொல்வோம். சாய்வு என்றால் எங்களுக்குச் சாய்மனைக் கதிரை. மற்றது, சக்கரம் என்று நூல் முழுக்க எழுதுகிறீர்கள், சில்லு என்று ஒரு சொல் இருக்கிறது.

எளியநடை, புதன் மதியம்

சரிவு என்றால் இங்கே மலைச்சரிவு, விலைச்சரிவு. சரிவுத்தடை என்றால் கார் மலையில் பின்னோக்கிப் போகாமல் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டை என்பார்கள்.

‘சாயாத்தண்டு’ எப்படி? வாராக்கடன் மாதிரி. வங்கி அறிக்கையில் அது நின்றுவிட்டதே.

வேர்ச்சொல், புதன் மதியம்

வாராக்கடனில் வராதது கடன். நந்தா விளக்கில் நந்தாதது விளக்கு. சாயாத்தண்டில் சாயாதது தண்டா, காரா? தண்டு முறுக்கிக்கொண்டல்லவா கிடக்கிறது?

எளியநடை, புதன் மாலை

உண்ணா நோன்பில் உண்ணாதது நோன்பா? நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறும் பெயரெச்சத்துக்கு முடிபாக வரலாம் என்பது தொல்காப்பியம், உங்களுக்குத் தெரியாததல்ல. ‘வெட்டிய வாள்’ போல இது கருவி கொண்டு முடிகிறது. கார் சாயாமைக்குக் கருவியான தண்டு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் வலி மிகும்: சாயாத்தண்டு. சேர்த்தே எழுதலாம்.

யாழ்ச்சில்லு, புதன் இரவு

இலக்கணம் சரி. ஆனால் கேம்பருக்கும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) ‘சக்கரச் சாய்வு’ என்று இதே நூலின் முந்தைய இயலில் எழுதியிருக்கிறீர்கள். சாயாத்தண்டு போட்டால் கேம்பர் மாறும் என்று பிள்ளைகள் நினைக்காதா?

கோவைக்குறிப்பு, புதன் இரவு

அது நியாயமான கேள்வி. முந்தைய இயல் அச்சாகிவிட்டது.

முறுக்குத்தண்டு என்று யாரும் சொல்லாதது நல்லது. அம்பாசடரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்காகவே வேலை செய்யும் டார்ஷன் பாருக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

சொல்லைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். வரைவிலிருந்து சில படிகள்:

படி 2. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துக. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சாயாத்தண்டு முறுக்கேறி நிற்கும், லிங்க் போல்ட்டை எடுத்ததும் நுனி வீசி அடிக்கும்.

படி 3. நட்டோடு லிங்கின் பால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால், ஸ்டட் நுனிக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுக.

படி 5. புதிய சாயாத்தண்டின் தடிமனைக் காலிப்பரில் அளந்து, அதே உள்விட்டமுள்ள டி-புஷ் எடுக்க. பழைய புஷ்ஷைத் திணித்தால் கிளாம்ப் முழுதாக உட்காராது.

படி 6. பாலியூரித்தேன் புஷ்ஷாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் தடவுக. ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

படி 8. எல்லா போல்ட்டையும் விரல் இறுக்கத்தில் விட்டு, காரைத் தரையில் இறக்குக. சக்கரங்கள் எடை தாங்கி நிற்கும் நிலையில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குக.

பட்டறைவாசி, வியாழன் காலை

வாக்கியத்தில் நன்றாகவே ஓடுகிறது. நான் ஸ்டெபிலைசரை விட்டுவிடுகிறேன், ஆனால் முதல் இடத்திலாவது அதுவும் இருக்க வேண்டும். பையன் கடையில் போய் சாயாத்தண்டு கேட்டால் ஜாக்கித் தண்டை எடுத்துக் கொடுப்பார்கள்.

வரைவில் விட்டுப்போனவை:

தடிமனைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 16 மி.மீ.யிலிருந்து 18க்குப் போனால் 1.6 மடங்கு, 19க்குப் போனால் ஏறத்தாழ 2 மடங்கு. ‘மூணு மில்லிதானே’ என்று வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. உள்ளீடற்ற குழாயும் உண்டு: வெளிவிட்டம் 22, உள்விட்டம் 16 என்றால் முழுக்கம்பியின் விறைப்பில் 72 சதவீதம் கிடைக்கும், எடை 47 சதவீதம்தான்.

நுனியில் இரண்டு துளை இருந்தால் முதலில் வெளித்துளை. உள்துளைக்கு மாறி, மடங்கிய கையின் நீளம் 200 மி.மீ.யிலிருந்து 180 ஆனால் முறுக்கு விறைப்பு 23 சதவீதம் கூடுகிறது. வலம் இடம் இரண்டும் ஒரே துளையில் இருக்கிறதா என்று மாணவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால் கார் தரையில் நிற்கும்போது, முறுக்கே இல்லாமல் போல்ட் தானாக நுழையும் நீளத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடது திருப்பத்தில் ஒரு குணம், வலது திருப்பத்தில் ஒரு குணம்.

தடித்த கம்பி பழைய லிங்கைச் சீக்கிரம் தின்னும், துருப்பிடித்த பிராக்கெட்டை வெல்டோடு பிய்க்கும். பூட்டும் முன் வயர் பிரஷ் போட்டு விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். டயரும் ஷாக்கும் தேய்ந்த வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று. 1974 கோல்ஃபிலிருந்து பல சின்னக் கார்களில் பின்பக்கம் ட்விஸ்ட் பீம். அந்தக் குறுக்குச் சட்டம் தானே முறுக்கிச் சாய்வை எதிர்க்கும். அதில் கூடுதல் தண்டு போட்டால், நீங்கள் கழற்றச் சொல்கிற பழைய தண்டு பல வண்டிகளில் இருக்கவே இருக்காது. படி 2, 3 அங்கே பொருந்தாது.

யாழ்ச்சில்லு, வியாழன் மதியம்

அப்ப ட்விஸ்ட் பீமே ஒரு சாயாத்தண்டா?

வேர்ச்சொல், வியாழன் மதியம்

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்.

கோவைக்குறிப்பு, வியாழன் இரவு

ட்விஸ்ட் பீமை ட்விஸ்ட் பீம் என்றே விடுகிறேன், நேரமில்லை. சாயாத்தண்டுக்கு மூன்று பேர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் ‘சாயாத்தண்டு, பட்டறை வழக்கில் ஸ்டெபிலைசர் பார்’, மீதி நாற்பதிலும் சாயாத்தண்டு. கேம்பர் குழப்பத்துக்கு அடிக்குறிப்பு. சில்லு அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

வேர்ச்சொல், வியாழன் இரவு

பதிவுக்காக: எனக்கு உடன்பாடு இல்லை. ‘கோடு’ என்ற வினையை நாம் கைவிட்டால் அது வரைகிற கோடாக மட்டும் மிஞ்சும். சமன்கோலை அந்த பீட்டில் கம்பிக்காவது போட்டுவையுங்கள்.

பட்டறைவாசி, வியாழன் இரவு

நல்லது. லிங்குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

கோவைக்குறிப்பு, வியாழன் இரவு

இணைப்பி.

எளியநடை, வியாழன் இரவு 11.50

இணைப்பியா? காரில் எதையும் இணைக்காத பாகம் எது?

மட்டுறுத்துநர், வெள்ளி காலை

லிங்க் பற்றிப் பேசுவோர் தலைப்பை மாற்றிப் புதிய இழையில் தொடரவும்.