அலுமினியத் தகடு மடிக்கும்போது வெடிக்கிறது, அவசர உதவி

வளவுவீடு (கோட்டையூர்)
வணக்கம். அலுமினியத் தகட்டை மடித்தால் மடிப்பிலேயே வெடித்துவிடுகிறது. அளவும் நிற்கவில்லை, 5, 6 மி.மீ. கூட வருகிறது. ஐப்பசி மழைக்குள் மாட்டியாக வேண்டும். என்ன செய்யலாம்?

புதுவயல் ரைஸ்மில்
என்ன தடிமன்? கையால் மடிக்கிறீர்களா, மெஷினா?

தேவகோட்டை ரஸ்தா
எதை மாட்டப் போறீங்க என்றும் சொல்லுங்க. ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு வழி, கூரை வேலைக்கு வேறு வழி.

மூலைமட்டம்
கிரேடு (உலோகக் கலவையின் ரகம்), டெம்பர் (தகட்டை எவ்வளவு இறுக்கியிருக்கிறார்கள் என்பது), தடிமன், உள் ஆரம் (மடிப்பின் உட்புற வளைவு). இந்த நான்கையும் போடாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

ரோலர்
கிரேடு கிடக்கட்டும். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உருளையில் ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். கோட்டோடு சேர்த்து மடித்தால் சீக்கிரம் வெடிக்கும். இன்னொன்று, மடிப்புக் கோட்டை ஊசியால் கீறிப் போட்டிருந்தால் விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும். மார்க்கர் பேனா போதும். வெட்டிய விளிம்பிலும் பிசிறு இல்லாமல் அரம் போட்டுவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா
எதற்கு இவ்வளவு? துணி சோப்பைத் தடவி, பின்பக்கமாக பர்னரைக் காட்டுங்க. சோப்பு கருத்ததும் நிறுத்தி, ஆறவிட்டு மடிங்க. எங்க பட்டறையில் எல்லாத்துக்கும் இதுதான்.

வளவுவீடு
முற்றத்தைச் சுற்றி ஓட்டு விளிம்பில் மழைத் தண்ணீர் வாங்குகிற வாரி. பழைய தகரம் அரித்துப் போய்விட்டது. 2 மி.மீ. தகடு, 8 அடி நீளம். உறுதியாக இருக்கட்டும் என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். இரண்டு இரும்பு ஆங்கிளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டுகிறோம். வெளி அளவு அடி 150, பக்கம் 100, 100. மொத்தம் 350க்கு வெட்டினோம். கிரேடு தெரியாது.

மூலைமட்டம்
தகட்டின் மேலேயே அச்சடித்திருக்கும். பிளாஸ்டிக் உறையை உரித்துப் பார்க்கத் தெரியுமல்லவா?

வளவுவீடு
6061 டி6 என்று இருக்கிறது.

மூலைமட்டம்
அதுதானே! மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்து, சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்து இறுக்கிய ரகம் அது. சட்டம், பிராக்கெட் என்று கடைந்தெடுக்கிற வேலைக்கு நல்லது, மடிக்க ஆகாது. 2 மி.மீ.க்கு உள் ஆரம் குறைந்தது 6 மி.மீ.யாவது கொடுக்க வேண்டும். நீங்கள் ஆங்கிளின் கூர்மூலையில் மடிக்கிறீர்கள். வெளிப்புறம் முதலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்து, அப்புறம் மயிரிழையாகப் பிளந்திருக்கும். வாரிக்கு 3003 எச்14 அல்லது 5052 எச்32 வாங்குங்கள். ஆங்கிளின் மூலையை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டித் தேயுங்கள். விட்டால் கொஞ்சம் திரும்பி விரியும், அதனால் 90 டிகிரியைத் தாண்டி இரண்டு மூன்று டிகிரி கூடவே மடியுங்கள்.

சோப்பு ஆலோசனைக்கு ஒரு வார்த்தை: சூடு காட்டினால் மடியும்தான், ஆனால் டி6இன் பலம் போய்விடும். இரும்பு போல அலுமினியம் சிவந்து காட்டாது. கவனிக்காமல் விட்டால் தகடு அப்படியே உருகிக் கீழே விழும்.

தேவகோட்டை ரஸ்தா
வாரிக்கு எதுக்கு சார் அவ்வளவு பலம்? தண்ணீர்தானே ஓடப் போகுது.

ரோலர்
8 அடி நீளவாக்கில் மடித்தால் பெரும்பாலும் கோட்டோடுதான் மடிப்பு வரும். நான் சொன்னதும் அதுதான். ரகத்தை மாற்றினால் பரவாயில்லை. 6061ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால், தகட்டின் 4 அடி அகலத்தில் துண்டு போட்டு, குறுக்கே மடித்துச் சேர்க்க வேண்டும். இணைப்பு கூடும், ஒழுகலும் கூடும்.

புதுவயல் ரைஸ்மில்
அளவு கதையை யாரும் தொடவில்லையே. வெளி அளவுகளைக் கூட்டி 350 வெட்டினால் கூடத்தான் வரும். மூலையில் தகடு வளைந்து போகிற நீளம், இரு பக்கத்தையும் மூலை வரை அளக்கிற நீளத்தைவிடக் குறைவு. 2 மி.மீ. தகடு, உள் ஆரம் 3, கே காரணி (மடிக்கும்போது நீளம் மாறாத கோடு, உட்புறத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கில் இருக்கிறது என்பது) 0.4 என்று வைத்தால், 90 டிகிரி வளைவின் நீளம் 1.57 × (3 + 2 × 0.4), ஏறக்குறைய 6 மி.மீ. வெளியே அளக்கும்போது அந்த மூலைக்குப் பக்கத்துக்கு 5 (ஆரம் 3, தடிமன் 2) வீதம் 5 + 5 = 10 எடுத்துக்கொள்கிறீர்கள். ஆக ஒரு மடிப்புக்கு 4, இரண்டுக்கு 8 கழியுங்கள். 342க்கு வெட்டுங்கள். கூர்மூலை என்பதால்தான் உங்களுக்கு 8 வராமல் 5, 6 என்று வந்தது. கே காரணி தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறும், முதலில் ஒரு கைத்துண்டை மடித்து அளந்துவிடுங்கள்.

சுண்ணாம்புச் சுவர்
அண்ணே, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. செட்டிநாட்டு வீட்டில் அலுமினியமா? சுண்ணாம்பு பட்டால் அரித்துத் தின்றுவிடும்.

ரோலர்
ஈரச் சுண்ணாம்பும் ஈர சிமெண்டும்தான் அரிக்கும். நூறு வருஷம் காய்ந்து இறுகிய பூச்சு ஒன்றும் செய்யாது.

சுண்ணாம்புச் சுவர்
விளிம்பை மறுபடி பூசாமலா வாரி மாட்டுவார்கள்? பூசினால் அது ஈரம்தானே. பூசிக் காய்ந்த பிறகு மாட்டணும், இல்லை நடுவில் தார் பூச்சாவது வேண்டும். இப்போதைய கொத்தனார்கள் முட்டை வெள்ளைக்கருவையும் விட்டுவிட்டார்கள், பூச்சு எங்கே நிற்கும்?

தேவகோட்டை ரஸ்தா
வீட்டுக்கு வீடு அத்தனை முட்டை போட்டிருந்தால் ஊரில் கோழியே மிஞ்சியிருக்காது சார். எல்லாச் சுவரிலும் இல்லை.

சுண்ணாம்புச் சுவர்
பளபளப்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். எங்கள் வீட்டு மேல்பூச்சில் இருக்கிறது.

மூலைமட்டம்
முட்டைக்குத் தனி இழை திறங்கள். அரிப்பு சந்தேகம் இருந்தால் காரைக்குடியிலேயே 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் நடக்கிறது, அரிமானம் அவர்கள் துறை. வாரியில் செம்பு ஆணியும் வெறும் இரும்பு ஆணியும் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுங்கள். வெயிலில் 3 மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் 2 மி.மீ. நீளும். திருகுத் துளையை நீளவாக்கில் போடுங்கள்.

வளவுவீடு
5052 கிடைத்தது. ஆங்கிளைத் தேய்த்து, 342க்கு வெட்டி மடித்தாச்சு. வெடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் 1 மி.மீ. கூட. எல்லோருக்கும் நன்றி.

தேவகோட்டை ரஸ்தா
கிலோ என்ன விலை போட்டார்கள்? அந்த 6061ஐ விற்பதாக இருந்தால் சொல்லுங்க, சோப்பு நான் வாங்கிக்கிறேன்.