செய்தித் தலைப்பைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மருந்தாளுநர்

நான் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள். 2018 ஜூலையில் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையின் சில தயாரிப்புகளைப் பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள், நினைவிருக்கும். மூலப்பொருள் தயாரித்த சீன ஆலையொன்றில் செய்முறையை மாற்றியபோது என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கலந்துவிட்டது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். ஆக, செய்தி பொய்யில்லை. ஆனால் கைபேசியில் வந்து விழுந்த அறிவிப்பில் இருந்தது 'பிரஷர் மாத்திரையால் புற்றுநோய்' என்பது மட்டுமே. எந்த மாத்திரை, யார் தயாரித்தது, எந்தத் தொகுதி எண் என்பதெல்லாம் உள்ளே எங்கோ கீழே கிடந்தது.

ஒரு பெரியவர் வந்தார். பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லையாம், தலை பாரமாக இருக்கிறதாம். கருவியைக் கட்டிப் பார்த்தால் மேல் அளவு 190ஐத் தாண்டி நிற்கிறது. அவர் சாப்பிட்டு வந்ததோ அம்லோடிபின் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை! வால்சார்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "பேப்பர்லயே போட்டுட்டாங்களேம்மா" என்றார். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைக் காட்டினேன். அப்புறம் அவர் கைபேசியிலேயே அந்தச் செய்தியைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். 'மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்' என்ற வரி கடைசிப் பத்தியில், இரண்டு விளம்பரங்களுக்கு அடியில் இருந்தது. முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அதுதான். உடனே மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

ஐரோப்பிய மருந்து முகமை அந்த ஆகஸ்டிலேயே ஒரு முதற்கட்டக் கணக்கு சொன்னது: கலப்படமான மாத்திரையை உச்ச அளவில், தினமும், ஏழு ஆண்டு சாப்பிட்ட 5,000 பேரில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். பத்து நாள் மாத்திரை இல்லாமல் 190இல் இருந்தவருக்கு எது ஆபத்து என்று இந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எனக்குத் தெரிந்து கடைக்கு வந்து கேட்டவர்களில் ஒருவர்கூட அதைச் செய்தியில் பார்த்திருக்கவில்லை.

முன்னாள் உதவி ஆசிரியர்

நீங்கள் சொல்வது அப்படியே உண்மை, சகோதரி. நான் ஒரு செய்தித் தளத்தின் இரவுப் பணியில் இருந்தவன். செய்தியை எழுதுபவர் ஒருவர், தலைப்பு வைப்பவர் வேறொருவர், கைபேசி அறிவிப்பை அனுப்புபவர் இன்னொருவர். இது வெளியே பலருக்குத் தெரியாது. ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு போட்டு ஓடவிடுவோம். எதை அதிகம் பேர் தட்டுகிறார்களோ அது நிற்கும், மற்றது தானாகப் போய்விடும். நிருபர் பொறுப்பாக 'எலிகளிடம் நடந்த ஆரம்பகட்ட ஆய்வில்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். அறிவிப்பில் இடம் போதாது. முதலில் வெட்டுப்படுவது 'எலிகள்'. அடுத்தது 'ஆரம்பகட்ட'. மிஞ்சுவது 'மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு'.

ஒருமுறை இப்படி வெட்டியதைப் பார்த்துச் சண்டை போட்டேன். தலைப்பைத் திருத்தினார்கள். ஆனால் அறிவிப்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மறுநாள் தன் அம்மாவுக்கு அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று ஒருவர் அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டார். அவருக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்தக் குரல் அடங்கிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

எல்லாப் பழியையும் பத்திரிகைமேல் போடவும் முடியாது. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கார்டிஃப் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வு, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதுபோல் மிகைப்படுத்தியவை அந்த வகைக் குறிப்புகளில் 36 சதவீதம். குறிப்பில் மிகை இருந்தால் செய்தியிலும் இருந்தது, குறிப்பு அடக்கமாக இருந்தால் பெரும்பாலும் செய்தியும் அடக்கமாக இருந்தது. நள்ளிரவில் நாலு செய்தியை ஒரே ஆள் முடிக்கவேண்டிய மேசையில் குறிப்பில் இருப்பதுதான் செய்தியாகும். மூல ஆய்வைத் திறந்து படிக்க நேரமே தரமாட்டார்கள்.

குணமானவன்

நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். காசநோய்க்கு ஆறு மாதம் சிகிச்சை எடுத்துக் குணமானவன் நான். காசநோய்ச் செய்தி என்றால் எலும்பும் தோலுமாக ஒருவர் கைக்குட்டையில் ரத்தம் துப்பும் படம்தான் வரும். சரியான மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும். அந்த ஒரு வரி செய்தியில் இருக்காது. நான் வேலைக்குத் திரும்பியபோது பக்கத்து இருக்கைக்காரர் அப்படியொரு செய்தியை எனக்கே அனுப்பிவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். அவர்மேல் கோபமில்லை. அவர் படித்ததை நம்பினார், அவ்வளவுதான்.

புள்ளிவிவரப் பிரிவு ஊழியர்

நோய்க்கண்காணிப்புப் பிரிவில் எண்களைத் தொகுப்பவன் நான். சனி, ஞாயிறு பல ஆய்வகங்களில் ஆள் குறைவு. முடிவுகள் தேங்கி, வாரத் தொடக்கத்தில் மொத்தமாக வந்து சேரும். உடனே 'ஒரே நாளில் இரு மடங்கான தொற்று' என்று தலைப்பு வரும். அதற்கு முந்தைய நாள் 'தொற்று குறைகிறது' என்று வந்திருக்கும். நோய் எப்போதும் போலத்தான் பரவிக்கொண்டிருக்கும், மாறியது எங்களுக்குத் தாள் வந்து சேர்ந்த நாள் மட்டுமே. அறிகுறி தொடங்கிய தேதிவாரியான வரைபடத்தை நாங்கள் அதே அறிக்கையில் கொடுப்போம். அதை எடுத்துப் போட்ட தளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழு நாள் சராசரியைப் போட்டாலே இந்தக் குழப்பம் பாதி தீரும்.

பரிசோதனை எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள் என்று நிருபர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வேன். நிறையப் பரிசோதித்தால் நிறையத் தென்படும். இதைப் புரிந்துகொண்டு எழுதுகிற நிருபர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போன் செய்தால் எவ்வளவு வேலை இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

தடுப்பூசிச் செவிலியர்

மகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசி வேண்டாம் என்று ஒரு தாய் கைபேசியை நீட்டினார். ஜப்பானில் ஊசிக்குப் பிறகு நடக்க முடியாமல் போன சிறுமிகளைப் பற்றிய பழைய செய்தி. தேதியே கண்ணில் படாதபடி யாரோ பகிர்ந்திருந்தார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை, அவர் பயம் தாயின் பயம். உட்காரவைத்து மிச்சக் கதையைச் சொன்னேன். அப்படிப்பட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வந்த சூழலில் 2013 ஜூனில் ஜப்பான் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. 70 சதவீத அளவில் இருந்த ஊசி போடும் விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் விவரம் கேட்டு ஒப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களிடம் அந்த அறிகுறிகள் கூடுதலாக இல்லை. அரசு மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. இடைப்பட்ட ஒன்பது வருடத்தில் ஊசி வயதைக் கடந்த பெண்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தத் தாய் அன்றைக்குச் சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம் மகளோடு வந்தார்.

மருந்தாளுநர்

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் கட்டி அபாயம் 'இரு மடங்கு' என்று எச்சரிக்கை வந்து செய்திகள் பரவின. 7,000 பேரில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். பயந்து நிறுத்தியவர்கள் ஏராளம். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் 13,000 வரை கூடின. கர்ப்பத்தில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். அதனால் இப்போதெல்லாம் யாராவது கவுண்டரில் கைபேசியை நீட்டினால், "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று போட்டிருக்கிறதா, தேடுங்கள்" என்று அவர்களையே தேடச் சொல்கிறேன். பெரும்பாலும் இருக்காது. அப்போது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவிப்பைத் திறந்து, தொகுதி எண்ணை அவர்கள் கையிலிருக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கொஞ்ச நேரம்தான் ஆகிறது.